சிப்பாய்க்கு ஒரு புது வீடு

வேங்கிக்கால்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகள் அனுபமாவுக்கு அம்மா எழுதுவது. அருகன் அருளால் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் கனடாவில் அந்தக் கால்கரி குளிரைத் தாங்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் நான் வேண்டிக்கொள்வது. வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் தம்பியைப் பற்றி யாராவது ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா என்று என் போனையும் அவர்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். எதிர்வீட்டு வினோதினி மேல்படிப்புக்கு உங்கள் ஊருக்கே வருகிறாள், அவள் பெட்டியில் உனக்குப் பருப்புப்பொடியும் வடகமும் வைக்கிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு கண்ணு. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருக்கிறார், எழுந்திருப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

தர்ஷனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி பெயர் எங்கே வருகிறது என்றுதான் நீ கண்ணை ஓட்டுவாய். ஒரு செய்தியும் இல்லை. ஆடி மாதம் போனை மேசைமேல் வைத்துவிட்டு, "கடைக்குப் போய்ட்டு வந்துடறேம்மா" என்று சொல்லிப் போனவன்தான். பஸ் ஸ்டாண்ட் கேமராவில் பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறான், அவ்வளவுதான். நீ லீவு போட்டு வந்து எங்களோடு அந்த ஊரெல்லாம் அலைந்தாயே, அப்போது தெரிந்ததற்கு மேல் இன்றுவரை எதுவும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள், "வளந்த பையன் சார், தானா போனவன் தானா வந்துடுவான்" என்கிறார்கள். அவர்களும் பாவம் வேறு என்ன சொல்வார்கள். அப்பா முன்பு மாதிரி அங்கே போவதில்லை.

நான் ஒன்று செய்தேன், உன்னிடம் சொன்னதில்லை. கார்த்திகை மாதப் பௌர்ணமிக்கு மலை சுற்றும் கூட்டத்தோடு நானும் நடந்தேன். நம் ஜைனக் குடும்பங்களில் நடக்கிற வழக்கம் இல்லை, வேண்டுதலும் இல்லை, லட்சம் முகம் போகிறதே, அதில் ஒரு முகம் இருக்காதா என்றுதான். அடி அண்ணாமலை தாண்டி ஒரு இளநீர்க் கடை ஓரம் கால் வலித்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, ராஜமுந்திரிப் பக்கமாம், போனில் ஒரு பையனுடைய போட்டோவைக் காட்டி, "எங்க அப்பாயி, எங்க பையன், இங்க சாமியாரா இருக்கான்னு சொன்னாங்க, பாத்தீங்களா" என்று கேட்டாள். கண்ணாடி போட்ட பையன், கழுத்தில் ஆபீஸ் அட்டை. பார்க்கவில்லையம்மா என்று சொல்லிவிட்டு என் போனைத் திறந்து தர்ஷன் படத்தைக் காட்டினேன். உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவள் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். அவ்வளவு அக்கறையாக இந்த ஊரில் யாரும் அவன் படத்தைப் பார்த்ததில்லை அனு. அப்புறம் இல்லை என்று தலையை ஆட்டினாள். எங்கெங்கோ இருந்து பிள்ளையைத் தேடிக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறார்கள், இந்த ஊரிலிருந்து நாம் எங்கே போய்த் தேடுவது. அதற்கப்புறம் நான் நடக்கப் போகவில்லை.

இப்போது சிப்பாய் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். தம்பி சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கி வளர்த்த ஆப்பிரிக்காப் பல்லி, உடம்பு முழுக்க ஓடு ஓடாகத் தகடு அடுக்கி, இரண்டு விலாவிலும் மஞ்சள் கோடு ஓடுமே, அதுதான். வேலை போய் அவன் வீட்டோடு வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்ததை நீ வீடியோவில் பார்த்துவிட்டுக் கத்தினாய். பக்கத்து வீட்டு ராமதாஸ் இன்னமும் அதை உடும்பு என்றுதான் நம்புகிறார். "உடும்பு வளத்தா ஃபாரஸ்ட்காரங்க வந்து புடிச்சிட்டுப் போயிடுவாங்கம்மா" என்று பயமுறுத்துகிறார், அடுத்த நாளே அதன் எண்ணெய் மூட்டுவலிக்குக் கேட்கும் என்று கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். தம்பி இருந்தவரை எங்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, மாடி அறையில் கண்ணாடித் தொட்டியில் அவனே பார்த்துக்கொண்டான். புழு பூச்சி போடும்போது மட்டும் அப்பாவுக்காகக் கதவைச் சாத்திக்கொள்வான். நம் வீட்டில் அரிசி புடைத்தால் வண்டைக்கூட முறத்தோடு கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவிட்டு வருகிறோம், வெந்நீரைக் கொட்டுவதற்கு முன்னால் எறும்பு இருக்கிறதா பார் என்கிற மனிதர், தேன்கூட நாக்கில் வைக்காதவர். கதவுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

அவன் போன அன்றைக்கு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். சிப்பாய் கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாசலையே பார்த்தது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, கீரை புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரேயடியாகப் போகிறவன் இதை இப்படி விட்டுவிட்டா போவான், யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தானே போவான், ஒப்படைக்கவில்லை, அதனால் வந்துவிடுவான் என்று அப்பாவிடம் சொன்னேன். இத்தனை மாதமும் நான் சாப்பிட்டது, உடுத்தியது, உன்னிடம் சிரித்துப் பேசியது எல்லாம் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான். அப்பாவுக்கு நம்பிக்கை அப்போதே போய்விட்டது, "உன் பல்லி" என்றுதான் சொல்வார், மாடிப்படியே ஏறமாட்டார்.

நானும் கீரை, பப்பாளி, செம்பருத்திப் பூ என்று அது தின்கிறதை எல்லாம் கொடுத்தேன், புழு மட்டும் போடவில்லை. கை வரவில்லை. தழை தின்கிறதே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்கழியில் பார்த்தால் பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து நடக்கிறது. தாடை ரப்பர் மாதிரி வளைகிறது, வாயைத் திறந்து கீரையைக் கவ்வினால் கடிக்க முடியாமல் கீழே போட்டுவிடுகிறது. போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது அனு. நான் கீழே வந்து அப்பாவிடம், இனிமேல் பூச்சி வாங்கத்தான் வேண்டும் என்றேன். அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். "ஒரு உசுர காப்பாத்த எத்தன உசுர கொல்லச் சொல்ற, நம்ம வீட்லயா, என் கண்ணு முன்னாடியா" என்று கத்தினார். கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிடு என்றார். ஆப்பிரிக்காவில் பிறந்த இனத்தை ஏரிக்கரையில் விட்டால் நாய் கவ்வும், அந்தப் பாவம் மட்டும் கம்மியா என்றேன். அதற்கும் அடங்காமல் பேசினார். கடைசியில் நான், "உங்க புள்ள வந்து சிப்பாய் எங்கம்மான்னு கேட்டா நான் இன்னான்னு பதில் சொல்றது, நீங்களே சொல்லிக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். திரும்பி வந்தவர், "வேலூர்ல அவன் காட்டுவானே ஒரு டாக்டரு, அவருகிட்ட போலாம்" என்றார். தானாகவே கூடையைத் தேடி எடுத்து அடியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டார்.

பஸ்ஸில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு போனோம், கோழிக்குஞ்சா என்று கண்டக்டர் கேட்டார், அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். அதுவரை அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. டாக்டர் இளஞ்செழியன் கிளி, ஆமை, பாம்பு எல்லாம் பார்க்கிறவர், தம்பிக்கு அண்ணன் வயசு இருக்கும். கூடையைத் திறந்ததுமே, "சிப்பாய்தான இது" என்றார். தூக்கித் தடவி, காலை நீட்டிப் பார்த்து, எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார். பூச்சியில் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டுமாம். அதைவிட முக்கியம், தொட்டிக்குள் வெயிலுக்குப் பதிலாக ஒரு நீளமான ட்யூப் லைட் இருக்கிறதே, அதை வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமாம். பார்க்க எரிகிற மாதிரிதான் இருக்கும், ஆனால் எலும்புக்கு வேண்டிய கதிர் அதில் தீர்ந்திருக்கும் என்றார். தேறும், ஆனால் மெதுவாகத்தான் தேறும் என்றார். மருந்தை எழுதிக் கொடுத்து அப்பாவைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்.

அப்பா வெளியே போனதும் டாக்டர் என்னிடம் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், "தர்ஷன் எந்த நாட்டுலம்மா இருக்கான்" என்று. எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஆனி மாதக் கடைசியில் தம்பி அவருக்குப் போன் செய்திருக்கிறான். சிப்பாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று கேட்டிருக்கிறான். எதற்கடா என்று இவர் கேட்டதற்கு, அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், டாக்டர் சொன்னபடி. "நான் இனிமே வீட்டுக்கு வரமாட்டேன் சார். எங்க அம்மா அப்பாவுக்குப் புழு போட மனசு வராது, அவங்கள அந்தப் பாவத்துக்கு ஆளாக்கக் கூடாது, இதுவும் சாவக் கூடாது" என்றானாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறான் போல என்று இவர் நினைத்துக்கொண்டார். கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம், பத்து நாள் கழித்துக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் இவர் கூப்பிட்டபோது போனை யாரும் எடுக்கவில்லையாம். எப்படி எடுப்போம், அந்தப் போன் அப்போது ஸ்டேஷனில் இருந்தது. நான் சொன்னதும் அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது, "எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேன், அவன்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான்தான் அவரிடம் ஒன்று கேட்டேன், இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள் என்று.

ஒப்படைக்கத்தான் பார்த்திருக்கிறான் அனு. கை கூடவில்லை, அவ்வளவுதான். நான் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. போகிற நேரத்திலும் எங்களுக்குப் பாவம் சேரக்கூடாது என்று யோசித்த பிள்ளைக்கு, நாங்கள் அவன் இல்லாமல் எப்படி இருப்போம் என்று யோசிக்கத் தோன்றவில்லையா என்று ஒரு நேரம் கோபம் வருகிறது. ஸ்டேஷனிலும் இதைப் போய்ச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், ஊர் ஊராகத் தேடச் சொல்லி மறுபடி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அதில் எனக்குப் புரிந்துவிட்டது, அவன் எங்கேயோ இருக்கிறான் என்று அவர்களும் நினைக்கவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். போளூர் தாண்டியதும் அப்பா கூடையை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு கனகா. நீ சொன்னது சரிதான், இத இப்டி உட்டுட்டுப் போறவன் இல்ல அவன். வர்றதுக்குள்ள தேத்திப்புடலாம்" என்றார். இத்தனை மாதமாக அவர் வாயில் வராத பேச்சு. நான் சொல்லிச் சொல்லி ஏற்காத மனிதர், எனக்கு அந்த நம்பிக்கை போன அன்றைக்கே அதை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொன்னார், மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து அப்பாவுக்கு வேறு வேலையே இல்லை. பழைய தொட்டி சின்னது, தோண்டுவதற்கு இடமில்லை, புது வீடு கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். உன் கல்யாணப் பரிசுகளை அடுக்கி வைத்திருந்த தேக்கு ஷோகேஸைக் காலி செய்து, தச்சர் கலையரசனைக் கூப்பிட்டுத் தட்டுகளைக் கழற்றி, படுக்க வைத்து, மேலே காற்றுக்குக் கம்பிவலை அடித்து, முன்பக்கம் தள்ளுகிற கண்ணாடி போட்டார்கள். உன் பொருள்கள் எல்லாம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கின்றன, கோபித்துக்கொள்ளாதே. கல் வேண்டும் என்றதும் கலையரசன், எதிரே மலையில் கிடக்காத கல்லா என்று சிரித்தார். ஊரே சாமியாகக் கும்பிடுகிற மலை, அதிலிருந்து ஒரு கூழாங்கல்லும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா ஆரணிப் பக்கம் நம் மானாவாரிக் கொல்லைக்கே பஸ் ஏறிப் போய்ப் பலகைக் கல்லாகப் பார்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மண்ணுக்கு மேல் கல்லை வைத்தால் அது தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடுமாம், அதனால் கல்லை அடிப்பலகைமேல் அசையாமல் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் செம்மண்ணும் மணலும் கலந்து கொட்டினார், என்னையும் சலிக்கச் சொன்னார். ஒரு ஓரம் சூட்டு விளக்கு, மறு ஓரம் நிழலும் தண்ணீர்க் கிண்ணமும். சூடு ஜாஸ்தியானால் அது குளிர்ந்த பக்கம் போக வேண்டும், கம்மியானால் விளக்கடிக்கு வர வேண்டும், இரண்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் சொல்கிறார்.

பூச்சியும் அவர்தான் போடுகிறார் அனு. நான் போடுகிறேன், பாவம் என்னோடு போகட்டும் என்று எவ்வளவோ கெஞ்சினேன், கேட்கவில்லை. "என் புள்ளைக்காக, நானே செய்றேன்" என்கிறார். ஆன்லைனில் வருகிற புழு டப்பாவை முதல்நாள் அவரே திறந்தார். பொடியில் புரட்டி இடுக்கியால் நீட்டினார், சிப்பாய் ஒரே கவ்வாகக் கவ்வியது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், மன்னிப்புத்தான் கேட்டிருப்பார். பிறகு குளித்துவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்போதெல்லாம் சாப்பிடுகிறார். ஒவ்வொரு முறை அந்த டப்பாவைத் திறக்கும்போதும், வராத பிள்ளைக்காக இந்த மனிதர் ஆயுசு முழுக்கக் காத்த விரதத்தை விடுகிறாரே, இது தெரிந்தும் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று நினைக்கிறேன். சொன்னால் விரதம் மிஞ்சும், மனிதர் மிஞ்சுவாரா என்று தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நீ தூரத்தில் இருந்துகொண்டு இதற்கு ஒரு வழி தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே, வழி கேட்டு எழுதவில்லை. ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள முடியவில்லை, அதற்குத்தான் எழுதினேன்.

நேற்று வீடு முடிந்து சிப்பாயை உள்ளே விட்டார். கால் இழுப்பு முழுசாகப் போகவில்லை, தாடையும் இன்னும் கொஞ்சம் கோணல்தான், டாக்டர் அது அப்படியே நின்றுவிடும் என்றார். ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு நேரே கல் இடுக்குக்குள் புகுந்து, உடம்பை உப்பிக்கொண்டு, வெளியே இழுக்க முடியாதபடி இறுகிக்கொண்டது. பயந்தால் அப்படித்தான் செய்யுமாம். அப்பா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை. நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கீழே வந்துவிட்டேன். இந்த இனம் இருபது வருஷம்கூட இருக்குமாம். எங்களுக்கு அப்புறம் அதற்கு யார் என்று அப்பா யோசிக்கவில்லை, அவர் கணக்கில் அதற்கு ஆள் இருக்கிறான். அந்த ட்யூப் லைட் அங்கே நல்லதாகக் கிடைக்குமாம், வினோதினி லீவுக்கு வரும்போது கொடுத்தனுப்பு. ஒன்று போதும், அதற்குள் அவன் வந்துவிடுவான் என்று அப்பா சொன்னார். நீ நான்கைந்தாக வாங்கி அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. பனியில் வண்டி ஓட்டாதே என்று மாப்பிள்ளையிடம் சொல். மனசுக்குள் ஏதாவது இருந்தால் யாரிடமாவது பேசிவிடு, என்னிடம் பேச முடியாவிட்டால் வேறு யாரிடமாவது. உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆதிநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

மறக்காமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் சிப்பாயைப் பற்றிக் கேள், போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார், எல்லாவற்றையும் காட்டுவார். காட்டிவிட்டு, தம்பி வந்து பார்த்தால் சந்தோஷப்படுவான் இல்லையா என்று கேட்பார். என்னிடம் தினமும் கேட்கிறார். நீ ஆமாம்ப்பா என்று சொல்லிவிடு. எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகமாலா